டிரம்ஸ்: பிரின்ஸ், ஆரணி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மருந்துக்கடை வைத்திருக்கும் பிரின்ஸைப் பற்றி ஆரணியில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. முன்மண்டையில் முடி உதிர்ந்து, தொப்பை லேசாக எட்டிப் பார்க்கிற நாற்பது வயதுக்காரர். தூக்க மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கேட்டால் தரமாட்டார், ஆனால் கேட்டவரை உட்காரவைத்து ஏன் தூக்கம் வரவில்லை என்று விசாரிப்பார். இப்படிப்பட்ட மனிதரைப் பாதி ஊர் புளுகுமூட்டை என்று நினைக்கும்படி ஆனது ஒரு பாட்டால். அதுவும் மூன்றரை நிமிடப் பாட்டு.

கதை அவருடைய கல்லூரி நாட்களில் ஆரம்பிக்கிறது. அப்போது வேலூர் ஹாஸ்டல்களில் கைமாறிக்கொண்டிருந்த சிடி ஒன்றில் பாப் பங்க் என்கிற வகைப் பாட்டுகள் இருந்தன. நாலே நாலு ஸ்வரக் கூட்டையே சுற்றிவரும் கிடார், தலைதெறிக்க ஓடும் டிரம்ஸ், காதலி விட்டுவிட்டுப் போனதை ஏதோ லாட்டரி விழுந்ததுபோல உற்சாகமாகக் கத்திச் சொல்லும் குரல். அமெரிக்காவில் அந்த மோகம் வடிய ஆரம்பித்திருந்த நேரம் அது. ஆரணிக்கு அந்தத் தகவல் வந்து சேரவில்லை. பிரின்ஸும் அவருடைய வகுப்புத் தோழர் கமலக்கண்ணனும் அந்த சிடி கீறல் விழுந்து திக்கும்வரை கேட்டார்கள். பிறகு தாங்களே ஒரு குழு ஆரம்பித்தார்கள். கிடாரும் குரலும் கமலக்கண்ணன், டிரம்ஸ் பிரின்ஸ். குழுவின் பெயர் ‘பேஜார்’.

பெயருக்கேற்ற மாதிரி முதல் நாளே தெருவுக்குப் பேஜார் ஆகிவிட்டது. பிரின்ஸ் வீட்டு மாடியில் அரை மணி நேரம் அடித்ததற்கு அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். டிரம்ஸை எங்கே கொண்டுபோவது? கமலக்கண்ணனின் அப்பா வீரபாகுவுக்கு ஊர் ஓரத்தில் பவர்லூம் ஷெட் இருந்தது. தறிகள் எல்லாம் ஓடும்போது அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அந்தச் சத்தத்தில் இன்னொரு சத்தம் சேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வீரபாகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: இவர்கள் பாட்டுக்காகத் தறியை நிறுத்தச் சொல்லக் கூடாது.

அதனால் தறி ஓட ஓடத்தான் இவர்கள் பழகினார்கள். டிரம்ஸ் வைத்த மூலைக்குப் பக்கத்துத் தறி மற்றவற்றைவிடச் சத்தக்காரத் தறி. பிரின்ஸின் அடி அதைவிட்டுக் கொஞ்சம் விலகினாலும் இரண்டும் முட்டிக்கொண்டு காது பிய்ந்துபோகும். விலகாமல் அடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. முறையாகக் கற்றுக்கொண்ட யாரும் இப்படிப் பழகச் சம்மதிக்கமாட்டார்கள். பேஜாரின் பாட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் இருந்தன. சந்தோஷப் பாட்டும் தறி வேகம், அழுகைப் பாட்டும் தறி வேகம். கேட்டவர்கள் அதையே இவர்களுடைய பாணி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கல்லூரி விழாவில் அவர்கள் பாடிய ‘போளூர் பஸ்ஸு போயிடுச்சு’ என்ற பாட்டை யாரோ செல்போனில் பிடித்து இணையத்தில் போட்டார்கள். பிறகு வழக்கம்போல வேலை, கல்யாணம், கடை. கமலக்கண்ணன் பட்டுச் சேலை வியாபாரத்துக்குப் போனார். பிரின்ஸ் டிரம்ஸை விற்றுவிட்டு மருந்துக்கடைக்கு அலமாரி வாங்கினார். பள்ளிக்கூட டீச்சரான டயானாவைக் கட்டிக்கொண்டார். தான் வாசித்ததை டயானா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறைதான். அதை அவர் சொன்னதுமில்லை.

போன வருடம் சென்னையிலிருந்து இளமதி என்ற பாடகி கமலக்கண்ணனுக்குப் போன் செய்தார். இருபத்தைந்து வயதுப் பெண். அந்த மங்கல் வீடியோவைப் பள்ளிக்கூட நாட்களில் ஆயிரம் தடவை பார்த்தவராம். அதே பாட்டைப் பேஜாரோடு சேர்ந்து புதிதாகப் பாட வேண்டும் என்றார். பிரின்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளே வாடகைக்கு டிரம்ஸ் பிடித்து அதே ஷெட்டில், அதே மூலையில் போய் உட்கார்ந்தார். ஊரில் அவர் சொல்லாத ஆள் இல்லை. இருமல் மருந்துக்கு வந்தவரிடமும் சொன்னார்.

சென்னை ஸ்டுடியோவில் அவர் ஒரே மூச்சில் அடித்து முடித்தார். பதிவு செய்த இளைஞர் கம்ப்யூட்டர் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிசகிய அடிகளை நகர்த்திச் சரிசெய்வதுதான் அவருடைய வேலை. நகர்த்த ஒன்றுமே இல்லை.

“அண்ணா, நீங்க மனுஷன்தானா?” என்று சிரித்தார் இளமதி.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பிரின்ஸ் ஒரு வாரம் சிரித்த முகமாகவே மாத்திரை எண்ணிக் கொடுத்தார்.

வீடியோ எடுத்த நாளில்தான் அவருக்குக் கெட்ட நேரம். அன்று அவருடைய அம்மா சகாயம்மாளுக்குக் கண் ஆபரேஷன். ஒரே மகன், படப்பிடிப்புக்குப் போக முடியவில்லை. வீடியோவில் டிரம்ஸுக்குப் பின்னால் சுருட்டைமுடிப் பையன் ஒருவன் உட்கார்ந்து குச்சியைச் சுழற்றினான். பாட்டுக்குக் கீழே விவரத்தில் ‘டிரம்ஸ்: பிரின்ஸ், ஆரணி’ என்று போட்டிருந்தார்கள். அதைப் படிக்க இன்னொரு இடத்தில் அழுத்த வேண்டும். யார் அழுத்துகிறார்கள்?

பாட்டு ஓடியது. ஓகோவென்று இல்லை, ஆனால் நன்றாகவே ஓடியது. பள்ளிக்கூடம் முடித்துப் பல வருடம் ஆனவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பழைய காதலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். ஓர் ஆங்கில இணையதளம் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் போட்டு, பழசை விற்கிறார்கள், ஆனாலும் நேர்மையாக விற்கிறார்கள் என்றது. ஒரு யூட்யூப் விமர்சகர் கமலக்கண்ணனின் குரல் இத்தனை வயதிலும் கோபம் குறையாமல் இருப்பதாகச் சொன்னார். சேலைக் கடையில் தினம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் கோபம் குறையும்?

தமிழ் இணைய இதழ் ஒன்றில் வந்த விமர்சனம்தான் வினையானது. பாட்டை வாயாரப் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் விமர்சகர் இப்படி எழுதியிருந்தார்: “ஒரே குறை, டிரம்ஸ். பழைய குழுவைத் தேடிப் பிடித்தவர்கள் தாளத்துக்குக் கம்ப்யூட்டரை வைத்துவிட்டார்கள். ஓர் அடிகூடப் பிசகாத அந்தத் தாளத்தில் உயிர் இல்லை. வியர்வை சிந்தி அடிக்க ஆரணியில் ஒரு மனிதர் கிடைக்கவில்லையா?”

அதை முதலில் கண்டுபிடித்துச் சர்ச் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியவர் சர்ச் கமிட்டிச் செயலாளர் சத்தியராஜ். மறுநாள் காலை கடைக்கே வந்துவிட்டார்.

“இன்னா பிரின்ஸு, கம்ப்யூட்டர் அடிச்சதுக்கு நீ ஊர் பூரா தம்பட்டம் அடிச்சிகினு இருந்தியா?”

“நான்தாண்டா வாசிச்சேன். கமலக்கண்ணனைக் கேளு.”

“உன் சிநேகிதன் உன்னை விட்டுக்குடுப்பானா?”

ஷெட்டில் வேலை செய்பவர்களைக் கேட்டால் அவர்கள் இன்னும் நல்ல சாட்சி சொன்னார்கள். “அண்ணன் வந்து உக்காந்துகினு இருந்தாரு. கையும் ஆடிச்சி. தறிச் சத்தத்துல எங்களுக்கு என்னா கேக்குது?”

இளமதி, வாசித்தவர் பிரின்ஸ் அண்ணன்தான் என்று ஒரு பதிவு போட்டார். அது ஒரு நாளில் தானாக மறைந்துபோகிற வகைப் பதிவு. ஆரணி பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது.

இதெல்லாம்கூடப் பிரின்ஸுக்குப் பொறுக்கும். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே டயானா கேட்டார்:

“நீங்கதானே வாசிச்சீங்க?”

நம்பாமல் கேட்கவில்லை. நம்புவதற்காகக் கேட்டார். பிரின்ஸுக்கு அதுதான் உறைத்தது. “ஆமாம்” என்று சொன்னார். சொன்ன விதம் அவருக்கே பொய் மாதிரி கேட்டது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஊர் எப்படியோ போகட்டும், இவளாவது தன்னைச் சந்தேகமில்லாமல் நம்ப வேண்டும் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

அந்த மாதமே சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், சேவல், கேக் எல்லாவற்றையும் வளாகத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். ஏலம் விடுவது சத்தியராஜ். மனிதர் வாயைத் திறந்தால் பூசணிக்கே வெட்கம் வரும். சேவலை விற்று முடித்தவர் சும்மா இருக்கவில்லை.

“அடுத்து, நம்ம பிரின்ஸு வாசிக்கிற ஒரு பாட்டு! கம்ப்யூட்டரா ஆளான்னு எடுக்கறவங்க பார்த்து எடுத்துக்குங்க!”

கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து கமலக்கண்ணன் விறைத்த முகத்தோடு கையைத் தூக்கினார். அவர் சர்ச்சுக்காரர் இல்லை, பிரின்ஸ் கூப்பிட்டு விருந்துக்கு வந்தவர். அவருக்கு மேலே யாரும் கேட்கவில்லை. சர்ச்சில் டிரம்ஸ் இருந்தது, கீபோர்டே தாளமும் போட ஆரம்பித்த பிறகு துணி போர்த்தி ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். நாலு பேர் அதைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டார்கள்.

பிரின்ஸ் உட்கார்ந்தார். குச்சிகளை எடுத்தார். பாட்டைத் தன் போனில் வைத்திருந்த டயானா அதை ஸ்பீக்கரில் மாட்டிவிட்டார். பிரின்ஸ் முதல் அடியிலிருந்தே அதோடு சேர்ந்துகொண்டார். ஸ்பீக்கரில் விழுந்த ஒவ்வோர் அடியிலும் அவருடைய அடி விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அடிக்கவே இல்லடா, சும்மா கையை ஆட்டிகினு இருக்கான்,” என்றார் சத்தியராஜ், மைக் கையில் இருப்பதை மறந்து. “சத்தமெல்லாம் ஸ்பீக்கர்ல இருந்து வருது.”

கூட்டம் மறுபடி சிரித்தது. பிரின்ஸின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் கை நிற்கவில்லை, நிற்க அது பழகியதில்லை.

ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றிருந்த டயானா ஒயரைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார்.

கிடார் நின்றது. இளமதியின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. டிரம்ஸ் மட்டும் வேப்பமரத்தடியில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். சத்தியராஜ் மைக்கை இறக்கினார்.

பிரின்ஸ் டயானாவைப் பார்த்தார். அவர் கண்ணைப் பார்த்ததும் இவருக்கு என்னவோ ஆகிவிட்டது. கை முந்தியது. ஓர் அடி தவறியது, அடுத்ததும் தவறியது, தாளம் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கியது.

“டேய், ஓடுது, ஓடுதுடா!” என்று பின்னாலிருந்து கத்தினார் கமலக்கண்ணன்.

பிரின்ஸ் பிடித்து நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கண்டபடி அடித்தார்.

“தப்பா அடிக்கிறாருங்க அத்தை,” என்றார் டயானா, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த சகாயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு. “அவருதான் அடிக்கிறாரு.”