ஏழாவது செடிக்கு ஐந்து லிட்டர் தண்ணீர்

பாலைவனத்தில் பாலும் கிடையாது, வனமும் கிடையாது. வனத்துக்கு மட்டும் எங்கள் திருச்சபை ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. ஷார்ஜாவிலிருந்து புஜைரா போகும் வழியில், அல் தைத் தாண்டி, ஆடுகளும் மணல் பைக்குகளும் மொட்டையடித்த ஒரு நிலம். முறையாக அனுமதி வாங்கி, வேலி போட்டு, அந்த மண்ணின் சொந்தப் புல்லையும் காஃப் என்கிற வன்னி மரத்தையும் திரும்ப வளர்க்கிறோம். வாலிபர் ஐக்கியத்தில் ஆளுக்கொரு காஃப் கன்று, கழுத்தில் பெயர்த் தகடு. வாலிபர்கள் பன்னிரண்டு பேர். அதில் வால் நான் ஒருவன்தான்.

போன சனிக்கிழமை நான் போனது, இரண்டு தகடுகளைப் பழைய இடத்தில் மாட்ட.

அவனவன் செடிக்கு அவனவன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. பொறுப்பு வளருமாம். மூன்று வாரத்துக்கு ஒரு நடை. பரீட்சையைச் சாக்கிட்டு ஒரே ஒரு நடை போகவில்லை. என் செடி குச்சியாகிவிட்டது. பக்கத்தில் ஜெபினின் செடி இடுப்பு உயரம். அவன் என் வகுப்பு, என் பில்டிங். அவன் வருவதற்குள் இரண்டு தகடுகளையும் மாற்றி மாட்டினேன்.

கத்துவான் என்று காத்திருந்தேன். தன் பெயர் தொங்கிய குச்சிக்கு முழு கேனையும் ஊற்றிவிட்டு, "வேரு உயிரோட இருக்கும்லா" என்றான். அடுத்த நடையும் ஊற்றுகிறானா பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று விட்டேன். அதற்குள் அவன் அப்பாவுக்கு வேலை போய், விசா ரத்தாகி, குடும்பமே நாகர்கோவிலுக்குப் போய்விட்டது. ஏர்போர்ட்டில் சொல்ல வாயெடுத்தேன். அவன் அம்மா அழுதுகொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை ஷார்ஜா முவைலாவில் வேன் ஏறியது காலை 5.30. ஆளுக்கு 15 திர்ஹாம், 57 கிலோமீட்டர். ஓட்டுபவர் ஷௌகத் பாய். 6.25-க்கு வேலிக்கதவு. எங்களைக் கூட்டிப்போகும் ஸ்டெல்லா அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். ஊசி போடாமலே வலிக்கவைப்பார்.

"ஏல வாலு, ஒஞ்செடிதான் வரிசையிலயே நல்லா வந்திருக்கு. திருந்திட்டியோ?"

"அது என்னுது இல்லக்கா. ஜெபினுது. தகட மாத்திட்டேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவர் குனிந்து அந்தச் செடியின் தகட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அவன்ட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?"

அவர் போனதும் தகடுகளை மாற்றினேன். பச்சையாய் நின்ற செடியில் ஜெபின் பெயர் தெரிய ஒரு படம் எடுத்தேன். நடந்ததை எழுதி, அழித்து, எழுதி, படத்தோடு அனுப்பினேன். ஷௌகத் பாய் "யல்லா, யல்லா" என்று ஹாரன் அடிக்க, கேனை அவசரமாகக் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

அல் தைத் ரவுண்டானாவில் பதில் வந்தது.

"சாகலியாடா?"

பிறகு:

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தினேன்" என்று அடித்தேன். அனுப்பப் போகும்போது விரல் நின்றது. இத்தனை மாதமாகத் தகட்டைப் பார்த்து ஊற்றிப் பழகிய கை. என் பெயரைத் தேடிப்போய், ஐந்து லிட்டரையும் குச்சிக்கு ஊற்றியிருக்கிறது.

"பாய், வண்டியத் திருப்புங்க. ப்ளீஸ் பாய்."

"மாஃபி, முடியாது பேட்டா. எட்டரைக்கு எனக்கு அடுத்த டூட்டி. கலாஸ்."

ஜெபினுக்கு இன்னும் பதில் போடவில்லை. எங்கள் கார் கீழேதான் நிற்கிறது. ஓட்டுகிற அப்பா லீவில் ஊரில். அடுத்த நடைக்கு மூன்று வாரம். மே மாத வெயில். ஒரு நடை தவறினால் என்னாகும் என்பதை இந்தச் சபையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது.

அதனால் இந்த வாரம் புஜைரா பக்கம் போகிறவர்களுக்கு: அல் தைத் தாண்டி 12 கிலோமீட்டர், வலது பக்கம் பச்சை வேலி. கதவுக்குப் பூட்டில்லை, கம்பிக் கொக்கிதான். ஆடு நுழையாமல் திரும்ப மாட்டிவிடுங்கள். ஏழு மணிக்குள் போனால் மணல் சுடாது. ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். கதவிலிருந்து ஏழாவது செடி, ஜெபின் என்று தகடு. தண்டில் படாமல், சுற்றியுள்ள குழியில் மெதுவாக ஊற்றுங்கள்.

எட்டாவதாக ஒரு குச்சி நிற்கும். அதில் என் பெயர். அதற்கு வேண்டாம், அது குடித்துவிட்டது.