பின்படியில் நின்று கற்ற ஹோல்டான்

பெரியவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து செங்கல் கனத்துக்கு ஓர் ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அப்போதுதான் டூட்டி முடிந்து, காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"யப்பா, ஹோல்ட் ஆன்னா இன்னா அர்த்தம்?"

"வண்டிய நிறுத்துன்னு அர்த்தம்."

"தப்பு. இதுல நாலஞ்சு அர்த்தம் போட்டுக்கீறாங்க. ஒண்ணுலயும் வண்டி இல்ல."

"அப்ப அத எழுதனவரு திண்டிவனம் பஸ்ஸுல ஏறனதில்ல."

அவள் சிரித்தாள். சின்னவனும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான். அன்று பாதியில் விட்ட பேச்சைத்தான் உங்கள் இரண்டு பேருக்குமாக இப்போது எழுதி முடிக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் இந்த ஒரு சொல்லைப் பற்றி யார் முன்னாலும் நின்று பேசுவேன். இத்தனை வருஷம் நம் வீட்டுக்குச் சோறு போட்ட சொல் அது.

அகராதியில் இருந்ததை அவளே படித்துச் சொன்னாள். மிகப் பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்கு 'நிற்காதே, போய்க்கொண்டே இரு' என்று பொருளாம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் 'பிடியை விடாதே' என்று ஆனது. கப்பலில் கயிறு இழுக்கிறவர்களுக்கு, இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம், அப்படியே பிடி என்று கட்டளை சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா? அந்த மாதிரி இடங்களில் புழங்கிப் புழங்கித்தான் 'பொறு, நில்' என்ற பொருள் வந்திருக்கும் என்று அவளுடைய டீச்சர் சொன்னாராம். டெலிபோன் வந்த பிறகு, லைனிலேயே இரு என்பதற்கும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

நம் பஸ்ஸுக்கு அதை யார் கொண்டுவந்தார்கள் என்று எந்த அகராதியிலும் இருக்காது. வெள்ளைக்காரர் காலத்து ரயில் யார்டிலோ லாரி ஷெட்டிலோ வேலை பார்த்த நம் ஆட்கள் காதில் வாங்கி வந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. வந்த இடத்தில் அது நம்ம ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது. "வா, வா, வா, ஹோல்டான்!" என்றால் மரக்காணத்தில் மீன் கூடை ஏற்றுகிற அம்மாவுக்கும் தெரியும், வண்டி நிற்கப்போகிறது என்று.

இப்போது என் கதைக்கு வருகிறேன். தொண்ணூற்று மூன்றில் உங்கள் அம்மாவைக் கட்டி மூன்று மாதம். திண்டிவனத்தில் ஓர் அறை எடுத்திருந்தோம். கண்டக்டர் லைசென்ஸ் கையில் இருந்தது, வேலை இல்லை. விழுப்புரம் திண்டிவனம் ஓடுகிற ஒரு தனியார் வண்டியில் பின்படிக்கு ஒரு கண்டக்டர் வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் பார்ப்பார்கள். பிறகு முதலாளி டிரைவரிடம் ஒரே கேள்வி கேட்பார், ஆள் தேறுவானா என்று. டிரைவர் தலையாட்டினால்தான் வேலை. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்கு அவர் தலையாட்டவில்லை.

அவருக்கு என்னைவிட நாலு வயசுதான் கூட. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். முதல் நாளே என்னைப் பின்பக்க மூலைக்குக் கூட்டிப்போய், தரையில் காலால் ஒரு கோடு கிழித்தார்.

"ரிவர்ஸ் எடுக்கறப்ப இங்க நில்லு. ஸ்டாண்டுல நூறு பேரு ஹோல்டான்னு கத்தறான். எவன் எந்த வண்டிக்குக் கத்தறான்னு எனக்கு இன்னா தெரியும்? என் கண்ணாடில உன் மூஞ்சி தெரியணும். மூஞ்சி காணும்னா, நீ சக்கரத்துக்கு அடில கீறன்னு நெனச்சி பிரேக்க மிதிப்பேன். புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுண்ணா."

புரியவில்லை. இரண்டாம் நாளே விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், வண்டி பாதி ரிவர்ஸில் இருக்கும்போது, மல்லாட்டைக் கடலை மூட்டையோடு தடுமாறிய ஒரு பெரியவருக்குக் கைகொடுக்கலாம் என்று நகர்ந்தேன். வண்டி படக்கென்று நின்றது. உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எங்கடா பூட்ட?"

"மூட்டை தூக்கினு இருந்தேன்ணா."

"அப்ப மூட்டையே தூக்கு, நல்லா வருவ. பேஜாரு புடிச்சவன்."

அன்று ராத்திரி உங்கள் அம்மாவிடம், இந்த வேலையும் நிலைக்காது போலிருக்கிறது என்றேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அமாவாசை வந்தது. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ். காலையிலிருந்து மூன்று நடை அடித்தோம். "செஞ்சி, திண்டிவனம்! செஞ்சி, திண்டிவனம்!" என்று கத்திக் கத்தி, மத்தியானம் தாண்டியபோது என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. வெயிலுக்கு ஒதுங்க வேறு இடம் கிடைக்காத ஜனங்கள் நிற்கிற பஸ்ஸின் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். அதனால் வண்டியை எடுப்பதற்கு முன் கண்டக்டர் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, எல்லாரையும் எழுப்ப வேண்டும். நானும் எழுப்பினேன். பின்பக்கம் படுத்திருந்த ஓர் அம்மா முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். நகர்ந்துவிடுவார் என்று நம்பி, நான் என் மூலைக்கு வந்து நின்று கையாட்டினேன். வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

கோயில் பக்கம் பம்பை மேளம் அடிக்கிறது. பத்து வண்டி ஒரே நேரத்தில் உறுமுகிறது. இடப்பக்கம் ஒருவன் ஹோல்டான் என்கிறான், வலப்பக்கம் ஒருவன் ரைட் என்கிறான். இடம் பிடிக்க ஓடிவருகிற ஜனம் நம் வண்டியின் தகரத்தைப் பட்பட்டென்று தட்டுகிறது. நான் எதற்கோ திரும்பிப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்த அந்த அம்மா, மறுபடி அதே இடத்தில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். வண்டிக்கும் அவர் காலுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற இடம்தான்.

ஹோல்டான் என்று வாயைத் திறந்தேன். சத்தமே இல்லை. தகரத்தை ஓங்கி அடித்தேன். அத்தனை கை தட்டும்போது என் கை எந்தக் கை என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? முன்னால் ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை.

அப்போதுதான் தரையில் கிழித்த அந்தக் கோடு நினைவுக்கு வந்தது. நான் கண்ணாடியை விட்டு விலகினேன். விலகி, வண்டிக்குப் பின்னால், அந்த அம்மாவுக்கும் பம்பருக்கும் நடுவில் போய் நின்றேன். டிரைவர் தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் நாங்கள் இரண்டு பேருமே இல்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமே வரவில்லை. விழுப்புரத்தில் ஒரு மூட்டைக்காக நின்ற வண்டி, இங்கே நிற்காமல் போகுமா?

நின்றது. என் முழங்கால் பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "எங்கடா பூட்ட, எங்கடா..." என்றவர் கீழே பார்த்ததும் அப்படியே குனிந்தார். அந்த அம்மா முந்தானையை விலக்கி எங்களைப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஒரு நாழி கண்ணசர வுட மாட்டீங்களா?"

"உன்ன எழுப்பனன்ல?" என்றேன், காற்றுக் குரலில்.

"எழுப்பன. எழுந்தேன். நீ பூட்ட, படுத்தேன். அதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு ஆம்பளைங்க வந்து நிக்கிறீங்க?"

டிரைவர் கும்பிட்டு அவரை எழுப்பி, வேறொரு நிழலில் உட்கார வைத்தார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நான் கண்ணாடிய பாக்காம இருந்திருந்தா?"

"நீங்க பாப்பீங்கண்ணா."

அவர் போய் வண்டியை எடுத்தார். செஞ்சி வரைக்கும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். இன்னொரு தடவை நன்றாகக் குனிந்து பார்த்திருக்க வேண்டியது நான்தானே?

செஞ்சியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்குள் போனார். என்னையும் கூப்பிட்டார். முதலாளியின் ஆபீசுக்கு போன் போட்டார். கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடி சும்மா நின்றார்.

"ஆபீசு பையன் ஹோல்டான்னு சொல்லிட்டு மொதலாளிய கூப்புட போய்க்கீறான்," என்றார் என்னிடம்.

அந்தச் சொல்லுக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜனம் பஸ்ஸைத் தட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எதையும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. பூத்தின் மேசை விளிம்பைத்தான் பிடித்திருந்தேன்.

முதலாளி லைனுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. டிரைவர் நிமிர்ந்தார்.

"அண்ணாத்தே, நாந்தான். பின்படிக்கு வேற ஆள் பாக்க வேணாம். ஆமா. இல்ல, இல்ல, கத்தவே இல்ல. சத்தமே போடாம நிறுத்தறான்."

ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜல்தி ஒரு டீ குடிச்சிட்டு ஏறு. தொண்டைக்கு எதுனா போடு. இன்னொரு நடை கீது."