தோல் லாரிக்குப் பின்னாடி

இன்னைக்குக் காலைல ஆம்பூர்லேர்ந்து வேலூருக்குக் கார்ல வர்றேன். முன்னாடி பதனிடாத பச்சை மாட்டுத் தோல் ஏத்துன லாரி.

பக்கத்துல இருந்த ஆபீஸ் தோஸ்த் குமார் மூக்கைப் பொத்திக்கிட்டான். "நாத்தம் தாங்கலடா. ஒட்டிப் போய் சட்டுனு தாண்டு."

இங்க எல்லாரும் அப்படித்தான் தாண்டுவாங்க. போன வருஷம் என் தம்பி அன்வரும் பைக்ல ஒட்டித்தான் போனான். லாரி திடீர்னு பிரேக் போட்டுச்சு. அவன் வீடு திரும்பல.

நான் வேகத்தைக் குறைச்சு இன்னும் இடைவெளி விட்டேன்.

அந்த இடைவெளில ஒரு பைக் புகுந்துச்சு. ஓட்டுனவன் ஒரு கையால காலரை இழுத்து மூக்கை மூடிக்கிட்டான். அச்சு அசல் அன்வர்.

ஹாரன் அடிச்சேன். திரும்பாமலே தாண்டிப் போய்ட்டான்.

"யாருக்குடா இவ்ளோ இடம் விடுற?"ன்னான் குமார்.



நீங்களே சொல்லுங்க, நாத்தத்துல எவனாவது செத்திருக்கானா?