இரண்டு தட்டு, விட்டு ஒன்று

இது நடந்தது. நம்பாவிட்டால் என் மனைவியைக் கேளுங்கள். நான் சொல்லும் எதையும் நம்பாதவள், இதை மட்டும் நம்பினாள். நான் வீரன் இல்லை. கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்று அதற்கு அறிவுரை சொல்கிறவன். இட்டுக்கட்டுவதாக இருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் கௌரவமாகக் காட்டியிருக்க மாட்டேனா?

எனக்கு வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். அன்று ஞாயிறு. மதியம் மூன்றரை. கூடத்தில் நான் மட்டும். மருத்துவமனையில் டயாலிசிஸ் தண்ணீருக்கான ஃபில்டரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். நான் 'சரி' என்றால்தான் இயந்திரம் ஓடும். வரிசையில் முதல் ஆள் என் மச்சான், மனைவியின் அண்ணன்.

போன் அடித்தது.

"ஏங்க, அண்ணனுக்கு மூச்சு வாங்குது. என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"தண்ணிய அளக்கறேன்."

"சட்டுனு அளங்க!"

அளப்பது மின்கடத்துதிறன். தண்ணீரில் உப்பு கூடினால் எண் ஏறும். இருபதைத் தாண்டினால் ரத்தத்துக்கு ஆகாது. முதலில் மீட்டரை அளவு தெரிந்த உப்புக் கரைசலில் சோதித்தேன். 1413. அச்சு அசல். ஒப்பிட வைத்திருக்கும் சுத்தத் தண்ணீரில் சோதித்தேன். 1. அந்த பீக்கரை இறுக மூடி ஓரமாக வைத்தேன். மீட்டரின் அளவுக் குச்சியான புரோபை மருத்துவமனைத் தண்ணீரில் இறக்கினேன்.

9.

அப்பாடா! பேனாவை எடுத்தேன்.

டக் டக்... டக்.

கண்ணாடியில் யாரோ தட்டிய மாதிரி. திரும்பினேன். கதவு சாத்தியபடியே இருந்தது. மீட்டரைப் பார்த்தேன்.

212.

"நேரங்காலம் தெரியாம விளையாடாதப்பா" என்று மீட்டரிடம் கெஞ்சினேன். புரோபை எடுத்து, அவசர அவசரமாக அலசி, மறுபடி இறக்கினேன்.

9.

மனசு கேட்டதும் அந்த ஒன்பதைத்தான். கீழே, தண்ணீரைக் கொண்டுவந்த மருத்துவமனை வண்டியின் ஹாரன். ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"சார், ஓகேதானே? போன் பண்ணிடவா?"

"ஓகேதா..."

டக் டக்... டக்.

இந்த முறை கண் பீக்கர் மேலேயே இருந்தது. தண்ணீர் நடுங்கியது. புரோபின் குழிக்குள்ளிருந்து ஒரு காற்றுக் குமிழி நழுவியது. மேலே வந்தது. உடைந்தது.

212.

குமிழி அடைத்துக்கொண்டால் எண் பொய்யாக இறங்கும். தட்டி, குமிழியை விரட்டிவிட்டுத்தான் படிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரப் பாடம். அவசரத்தில் நான் தட்டவில்லை.

நான் தட்டவில்லை...

அப்படியென்றால்?

பக்கத்து ஸ்டூல் க்ரீச்சிட்டது. உட்கார்ந்தவர் எழுந்தால் வருமே, அந்தச் சத்தம்.

படியில் என் கால் பட்டதா என்றே நினைவில்லை.

"தண்ணி ஆகாது! மெஷினைத் தொட வேணாம்னு சொல்லுங்க!"

மச்சானை வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். புது ஃபில்டரில் ஒரு ரப்பர் வளையம் பிசகியிருந்ததாம். "ஒரு குமிழிகிட்ட ஏமாந்தவன் கையிலயா என் தங்கச்சியக் குடுத்தோம்?" என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார். செய்யட்டும். அவர் வாய் பேசுவதைக் கேட்க எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் கூடத்தின் மூத்த ஊழியரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டு தட்டு, விட்டு ஒண்ணா?"

"ஆமாண்ணே."

"அது உனக்கு முன்னாடி இங்க அளந்துட்டிருந்த மேடம். அந்த ஸ்டூல் அவங்களோடது. மோதிரத்தால தட்டுவாங்க. தட்டறதுக்கு முன்னாடி விரலைச் சுத்தத் தண்ணில ஒரு முக்கு. வேர்வை உப்பு இறங்கிடும் மேடம்னு எத்தனையோ சண்டை போட்டிருக்கேன். கேட்டாத்தானே."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செத்து ஏழு வருஷமாச்சுடா."

நேற்று 1 காட்டியதும் நான் மூடி வைத்த சுத்தத் தண்ணீர் பீக்கர் ஓரத்தில் அப்படியே இருந்தது. மூடி அசையவில்லை. காற்று புகுந்திருந்தாலும் ஒன்றோ ஒன்றரையோ ஏறும். அவ்வளவுதான்.

மூடியை எடுத்தேன். புரோபை இறக்கினேன். மறக்காமல் தட்டினேன்.

61.

இன்னொரு முறை தட்டினேன்.

61...