சன்னலைச் சுருக்கிய சனிக்கிழமை

கம்ப்யூட்டர் சன்னலைச் சுருக்கினால் அதற்குள் இருக்கும் எழுத்தும் நசுங்கிச் செத்துப்போகும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். ஒரு காலம் என்றால் சின்ன வயசு இல்லை. நாற்பத்தெட்டு வயதில், இலுப்பூரில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தபோது. அந்த நம்பிக்கை மொத்தம் முக்கால் மணி நேரம் நீடித்தது.

ஆவூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. அந்தக் கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் கிழம், கனமான எதையும் இழுக்காது. அதனால் படம், பொத்தான் என்று எதுவும் இல்லாமல், கறுப்புச் சன்னலில் வெறும் எழுத்தாக ஓடும் புரோகிராம் ஒன்றை நானே எழுதினேன். அந்த மாதிரி எழுதியது அதுதான் முதல் தடவை. திறந்தால் திரை முழுக்கப் பட்டியல் நிற்கும்: பிள்ளையின் பெயர், பெற்றோர், தேதி. "இனிமே நோட்டுப் பக்கமே போக வேணாம்" என்று சவடால் விட்டேன். அதை நம்பி, பூச்சி அரித்த பதிவேடுகளைத் திருச்சிக்குப் பைண்டிங் போட அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெண்ணின் அப்பா வந்தார். பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் கல்யாண ஓலையைத் தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டிருந்தார்கள். நாளைக்கு முதல் ஓலை தவறினால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் குறுக்கே வந்துவிடும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அது முடிவதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிடும். நாலு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து கையெழுத்துப் போடுவார். அதற்குள் சான்றிதழ் தயாராக இருக்க வேண்டும்.

நானும் அங்கே இருந்ததால் புரோகிராமைத் திறந்து கொடுத்தேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் பட்டியலில் பெண்ணின் பெயரைக் கண்டுபிடித்தார். பக்கத்திலேயே சான்றிதழை வைத்து டைப் அடிக்கலாம் என்று மவுஸால் சன்னலின் ஓரத்தைப் பிடித்துப் பாதியாகச் சுருக்கினார். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

"சார், பிள்ளையோட தேதியக் காணோம்."

"கைய எடுங்க. எதையும் தொடாதீங்க."

நானே சன்னலைப் பழையபடி பெரிதாக்கினேன். இடது பாதியில் பெயர்கள் குழம்பிக் கிடந்தன. வலது பாதி வெறும் கறுப்பு. நகல் எடுத்து வைக்கவில்லை. நகல் எடுத்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் நான்.

"போயிருச்சு" என்றேன்.

"எங்க போயிருச்சு?" என்றார் டிரைவர்.

"அழிஞ்சு போச்சுண்ணே."

"எம்மக பேரா?"

"பேரு இருக்கு. அப்பா பேரும் தேதியும்தான் இல்ல."

"அப்பன் நான் இங்கனதான் உக்காந்திருக்கேன். தேதிய மட்டும் தேடுங்க தம்பி."

நான் தேடவில்லை. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று ஒரு தாளை எடுத்து, திரையில் இருந்த அரைகுறைப் பெயர்களைப் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். உபதேசியார் பயபக்தியோடு வாசித்துக் கொடுத்தார். டிரைவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"மூடிட்டுத் திரும்பத் தொறந்தா என்ன தம்பி? வண்டி மக்கர் பண்ணுனா நாங்க ஆஃப் பண்ணித்தான் ஸ்டார்ட் பண்ணுவோம்."

"அண்ணே, இது பஸ் இல்ல. மூடுனா மிச்சப் பேரும் போயிரும்."

"நான் பஸ்ஸ ஆஃப் பண்ணி ஒரு பாசஞ்சரும் காணாமப் போனதில்ல."

நான் அடுத்த பெயரை எழுதினேன். உபதேசியார் குரலைத் தாழ்த்தி, "காணாமப் போனதுக்கு அந்தோணியார் இருக்காரு சார்" என்றார். எங்கள் வீட்டில் வேண்டுதல் எல்லாம் முருகனுக்குத்தான். ஆனால் தொலைந்தது இந்த எல்லைக்குள் தொலைந்தது. இங்கே இருப்பவரிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. உபதேசியார் தீப்பெட்டி எடுத்துக்கொண்டு கூட வந்தார். கோயிலில் அந்தோணியார் சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்தப் போனேன். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதை அவரே பற்றவைத்தார்.

திரும்பி வந்தால் திரை முழுக்கப் பட்டியல் நின்றது. பெண்ணின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, எல்லாம் இருந்தன. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மூலையில பெருக்கல் குறி இருந்துச்சு, அமுக்குனேன், மூடிருச்சு" என்றார் டிரைவர். "முதல்ல நீங்க தட்டுன அதே படத்தத் தட்டுனேன், தொறந்துருச்சு. எழுதிக்கிறீங்களா, மணி மூணே முக்கால் ஆச்சு."

"அப்ப மெழுகுவர்த்தி?" என்று உபதேசியாரைக் கேட்டேன்.

"அது பாட்டுக்கு எரியட்டும் சார்."

சாமியார் வந்து கையெழுத்துப் போட்டார். சான்றிதழைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினோம். மறுநாள் காலைப் பூசையில் மாப்பிள்ளை ஊரில் முதல் ஓலை வாசித்தார்கள்.

என் புரோகிராம், சன்னல் எவ்வளவு பெரிது என்பதைத் தொடங்கும்போது ஒரே தடவை கேட்டுக்கொண்டது. பிறகு சன்னலின் அளவு மாறினால் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு ஒரு சைகை அனுப்பும். அதைக் கேட்டு, அளவை மறுபடி வாங்கி, பட்டியலைப் புதிதாக வரைய வேண்டும். அதற்கான வரிகளை நான் எழுதியிருக்கவில்லை. திங்கட்கிழமை எழுதினேன். திரையில் தெரிந்தது வெறும் பிம்பம், பெயர்கள் டிஸ்க்கில் ஒரு ஃபைலில் இருந்தன. அந்த ஃபைலில் ஓர் எழுத்தும் அழிந்திருக்கவில்லை.