இரண்டாம் தரம் சொன்ன மரண அறிவித்தல்

சென்ற மாதம் ஒரு பாடசாலையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். செய்யும் தொழிலில் ஆர்வத்தைக் கண்டடைவது எப்படி என்பது தலைப்பு. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின் இணைப்புகளைப் பார்க்கும் பெண் ஒருத்தி வந்து பேசினால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார் அதிபர். வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினேன். ஒன்று, விருப்பம். இரண்டு, பயிற்சி. மூன்றாவதற்கு எதுவும் வரவில்லை. முதல் இரண்டும்கூட எங்கோ படித்தவைதான். ஆர்வம் என்று எழுதியபோது நினைவுக்கு வந்தவர் அம்மாவின் தம்பி மட்டுமே. அவரைப் பற்றி அந்த மேடையில் சொல்ல ஏலாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாமா ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் செய்தவர். கூரையில் முன்னுக்கு ஒரு குழாய், பின்னுக்கு ஒன்று. வானொலி அறிவிப்பாளராக ஆசைப்பட்டுக் கொழும்புக்குக் குரல் தேர்வுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தவர். அதன் பிறகு திருகோணமலைதான் அவருடைய வானொலி நிலையம். கடைத் திறப்பு, தண்ணீர் வெட்டு, கோயில் தேர் எல்லாம் சொல்வார். ஆனால் தொழில் என்று அவர் மதித்தது மரண அறிவித்தலை மட்டும்தான். அதற்குப் போகிற நாளில் உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளிப்பார். ஒவ்வொரு சந்தியிலும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் வாய் திறப்பார். இறந்தவரின் பெயரை ஓட்டோ இரைச்சலோடு சேர்த்துச் சொல்லக்கூடாதாம்.

"ஒரு மனிசன்ர பேர் ஊர் முழுக்கக் கேக்கிறது அண்டைக்கு ஒரு நாள்தான். அதை வடிவாச் சொல்ல வேணும்" என்பார்.

"செத்த மனிசன் உன்ர குரலைக் கேட்டுட்டு எழும்பி வரப்போறாரோ?" என்று அம்மா கேட்பார்.

விடுமுறை நாட்களில் நான் பின் இருக்கையில் இருப்பேன். அம்ப்ளிஃபயரும் பற்றரியும் என் பொறுப்பு. வயர் கழன்றால் பூட்ட வேண்டும். எனக்குப் பத்து வயது. அதைவிடப் பெரிய உத்தியோகம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த விடுமுறையில் ஒரு புடைவைக் கடையில் மலிவு விற்பனை. ஒரு வாரமாக மாமா உப்புவெளியிலிருந்து பாலையூற்று வரை அதையே கத்திக்கொண்டு திரிந்தார். "வாருங்கள்! அள்ளிச் செல்லுங்கள்! இன்று மட்டுமே!" வாரம் முழுவதும் இன்று மட்டும்தான். அது முடிவதற்குள் ஒரு காலையில் மரண அறிவித்தல் வந்தது. இறந்தவர் இறங்குதுறையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மாமா தொண்டையைக் கொப்பளித்தார், வெள்ளைச் சேட்டுப் போட்டார், முதல் சந்தியில் எஞ்சினை நிறுத்தினார்.

"அன்னாரின் இறுதிக் கிரியைகள் பிற்பகல் மூன்று மணிக்கு அன்னாரின் இல்லத்தில் நடைபெறும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் வாருங்கள்! இன்று மட்டுமே!"

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. கிரியை இன்று மட்டும்தானே.

அடுத்தடுத்த சந்திகளிலும் அப்படியே போயிற்று. உள்துறைமுக வீதிக்கு வந்தபோது, எதிரே இருந்த குன்றில் பட்டு மாமாவின் குரல் தண்ணீருக்கு மேலாகத் திரும்பி வந்தது. கடைசிச் சொற்கள் மட்டும் தெளிவாகக் கேட்டன. மாமா மைக்கைக் கீழே வைத்தார்.

"நான் இப்ப என்ன சொன்னனான்?"

"இன்று மட்டுமே எண்டு."

"மற்றச் சந்தியளிலை?"

"எல்லாத்திலையும் அப்பிடித்தான் மாமா. சரியாத்தானே சொன்னனீங்கள்?"

"ஐயோ பிள்ளை, நல்ல மனிசனை மலிவிலை வித்துப்போட்டன்!"

இந்தக் கதை பரவினால் இனி ஒரு செத்த வீட்டாரும் கூப்பிடமாட்டார்கள், சாகும்வரை புடைவைக் கடைதான் என்று முணுமுணுத்தபடி ஓட்டோவைத் திருப்பினார். முதல் சந்தியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பெயரைச் சொன்ன பிறகு சற்றுப் பேசாமல் இருந்தார். உள்துறைமுக வீதியில், குன்றிலிருந்து அந்தப் பெயர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தே அடுத்த சொல்லுக்குப் போனார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

பிற்பகல் என்னையும் கூட்டிக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்குப் போக அவருக்கு மனமில்லை. வாசலில் இறந்தவரின் மூத்த மகன் நின்றார். மாமா வாய் திறக்குமுன் அவரே கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல உதவி தம்பி. எவ்வளவு சனம் பாருங்கோ."

"அண்ணை, காலமை என்னிலை ஒரு பிழை நடந்து போச்சுது" என்று மாமா எல்லாவற்றையும் சொன்னார்.

மகன் பக்கத்தில் நின்ற உறவினரைப் பார்த்தார். "மச்சான், நீங்கள் கேட்டனீங்களோ?"

"எங்கட ஒழுங்கையாலதான் போனது. பேரையும் நேரத்தையும் கேட்டனான். மிச்சத்தை ஆர் கேக்கிறது?"

மகன் மாமாவின் தோளில் தட்டினார். "பாத்தீங்களோ? ஒரு பிழையும் இல்லை. போய்ச் சோடா குடியுங்கோ."

இப்போது தினமும் காலையில், வேலை தொடங்குமுன் பாதுகாப்பு விதிகளைச் சொல்வது என் முறை. தலைக்கவசங்களுக்குக் கீழே தெரிகிற முகங்கள் அன்றைக்கு யார் எந்தப் பாரந்தூக்கிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளும். மிச்சத்தை நான் தரைக்குச் சொல்லி முடிப்பேன். இதை எழுதும்போதுதான், சோடாப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்ற மாமாவின் முகம் எனக்குச் சரியாகத் தெரிகிறது.

அன்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓட்டோவில் ஏறியதும், "தப்பிட்டம் மாமா!" என்றேன்.

மாமா சாவியைப் போட்டார், திருகவில்லை.

"பிள்ளை, நீ பின்னுக்குத்தானே இருந்தனீ. ரெண்டாம் தரம் நான் சொன்னது எப்பிடி இருந்தது?"

வேலையைப் பற்றி அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நிமிர்ந்து இருந்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். ரெண்டு குழாயும் வேலை செய்தது. பற்றரி சூடாகவில்லை. வயர் ஒருக்காலும் கழலவில்லை.

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை மாமா. எல்லாம் சரி."

கண்ணாடியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் மாமா ஏன் ஓட்டோவை எடுக்காமல் இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.