வல்லாரைப் பாத்தியில் வெள்ளி

அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் ஆறாமல் கிடந்தபோது, கண்டி கிளினிக்கில் வெள்ளி கலந்த கட்டுத்துணி கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் கிருமிகளைக் கொல்லுமாம். புண்ணில் ஒட்டிய துணியைத் தண்ணீர் ஊற்றி நனைத்துத்தான் எடுக்க வேண்டும். கம்பளையில் எங்கள் வீட்டில் சமைக்கிற குசினிக்குப் பின்னால் கதிரை போட்டு அவரை உட்கார வைத்துக் கழுவுவேன். சாம்பல் நிறத் தண்ணீர் அவரே போட்ட வல்லாரைப் பாத்திக்குள் ஓடும்.

எனக்கு ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நகரத்துக் கழிவுநீரில் இருந்து படியும் சேற்றைச் சோதிப்போம். நாற்றம் வராத காலுறை, கிருமி அண்டாத உடுப்பு, இப்படிப்பட்ட கட்டுத்துணி எல்லாவற்றில் இருந்தும் கழன்று வரும் வெள்ளியில் பெரும்பகுதி அந்தச் சேற்றில்தான் தங்கும். சேற்றை உரமாகப் போட்டால் மண்ணுக்கு வரும். மண்ணில் இருந்து வேருக்கு.

இதெல்லாம் தெரிந்தும் எங்கள் பாத்தியை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அப்பா போய்விட்டார். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை.

தெல்தோட்டையில் இருந்து வந்த அக்கா பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

"வல்லாரை நல்லா வந்திருக்கே. சம்பலுக்குப் பறிச்சுக்கிட்டுப் போறேன்."

"வேணாம்கா. அப்பா கால் கழுவின தண்ணி போன எடம். அந்த மருந்து மண்ணுல நிக்கும்."

"அவருக்குப் போட்ட மருந்து நம்மள என்னடி செய்யும்?"

அவளைப் பறிக்க விடவில்லை. கொஞ்சம் மண்ணும் இரண்டு செடியும் எடுத்துக்கொண்டு போய், மேலதிகாரியிடம் கேட்டு, அமிலத்தில் கரைத்துச் சோதித்தேன். மண்ணில் வெள்ளி இருந்தது. வேரில் அதைவிடக் குறைவு. இலையில் இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். கரைந்த வெள்ளியா, துகளாகவே ஏறியதா என்று எங்கள் கருவி பிரித்துச் சொல்லாது.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப சாப்பிடலாமா, கூடாதா?"

"தெரியாதுக்கா. யாருக்கும் சரியாத் தெரியாது."

"ஞாயித்துக்கிழமை வாறேன். புடுங்கிருவோம்" என்றாள்.

வந்தாள். மழை பெய்து மண் இளகிக் கிடந்தது. அக்கா வேரோடு பிடுங்கிப் பிடுங்கிச் சாக்கில் போட்டாள். பாதியில் சேற்றிலேயே உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று வாய்விட்டு அழுதாள். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி, அவள் அழுது முடிக்கும்வரை நின்றேன்.